நாளுக்கு ஒரு பக்கம்



சென்ற சில திங்களாக இப்பகுதியில் பிள்ளை வளர்ப்பு, வீட்டுச் செலவு, முதியோரைப் பேணுதல் என்று பல பொருள்களைக் குறித்துப் பேசி வந்தோம். இத்திங்கள் சற்றே வேறான ஒன்றைப் பற்றி உங்களோடு உரையாட விழைகிறேன். மனிதரை அறிவது எப்படி? ஒரு காரியத்தை முன்பின் யோசித்து, காலமும் இடமும் பார்த்துச் செய்யும் யுக்தியைக் கற்பது எப்படி? இவற்றைப் பள்ளிக்கூடத்தில் எவரும் கற்பிப்பதில்லை. அடிபட்டே கற்க வேண்டும் என்பர் பெரியோர். அவ்வாறு அடிபட்டுக் கற்றவருள் நானும் ஒருவன். ஆயினும் அடிபடுமுன்னரே ஓரளவு கற்றுக்கொள்ள ஒரு வழி உண்டென்பதைப் பின்னர் அறிந்தேன். அது நாளொன்றுக்குப் பத்து நிமிடமே கேட்கும் வழி.

முதலில் அடிபட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, கோரிமேட்டில் உள்ள எங்கள் வீட்டிற்கு ஒருவர் வந்துபோகத் தொடங்கினார். முன்பு என்னோடு ஒரே இடத்தில் பணிபுரிந்தவர். தொடர்ந்து நான்கு மாலைப் பொழுதுகள் வந்தார். பிள்ளைகளுக்குப் பழம் வாங்கி வந்தார். நான் எழுதுவனவற்றை விடாமல் படிப்பதாகச் சொன்னார். சிலவற்றை நினைவிலிருந்தே எடுத்துக் கூறினார். என் உள்ளம் குளிர்ந்தது. நான்காம் நாள் அவர் விடைபெற்றுச் சென்றபின் என் மனைவி, "ஏங்க, இவர் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே, கவனித்தீர்களா?" என்றாள். பெண்களுக்கு எதிலும் ஐயம்தான் என்று சொல்லி நான் சிரித்தேன். ஐந்தாம் நாள் அவர் ஒரு கடன் பத்திரத்தோடு வந்தார். ஜாமீன் கையெழுத்திட்டேன். ஒன்பது மாதங்களில் அவர் ஊரை விட்டே போய்விட்டார். கடன் என் தலையில் விழுந்தது. மூன்றாண்டுகள் கட்டித் தீர்த்தேன். மகளின் மேற்படிப்புக்கென்று ஒதுக்கியிருந்த பணம் அதில் கரைந்தது. அவள் ஓராண்டு வீட்டில் இருந்துவிட்டு, செலவு குறைந்த வேறொரு படிப்பில் சேர்ந்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்நாட்களில் எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் வாழ்ந்தார். இன்று அவர் இறைவனடி சேர்ந்துவிட்டார். ஞாயிறு பூசை முடிந்து, ஜிப்மர் மருத்துவமனை வாயிலருகே மரநிழலில் நடந்து வரும்போது என் கதையை அவரிடம் சொன்னேன். அவர் பரிதாபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "தம்பி, நீங்கள் நிறையப் படிக்கிறவர். ஆனால் அவசரமாகப் படிக்கிறவர். ஒரே இரவில் ஒரு நூலை முடித்துவிட்டு மறுநாள் வேறொன்றை எடுக்கிறீர்கள். அப்படிப் படித்தால் கதை தெரியும், மனிதர் தெரியமாட்டார். உங்கள் வீட்டம்மா நான்கு நாளும் ஒரே ஆளைப் படித்தார், அதனால்தான் அவருக்குத் தெரிந்தது" என்றார்.

அன்று மாலையே தம் வீட்டிலிருந்து தடித்த நூல் ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புத் தொகுதி அது. "ஒரு நாளைக்கு ஒரு நாளின் குறிப்பு மட்டும். அதற்குமேல் படிக்கக் கூடாது. படித்ததும் மூடிவிட்டு மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் வருகிறவர் எதை விரும்புகிறார்? எதை இழக்க அஞ்சுகிறார்? நாளை நடக்கப்போவதை அறியாத நிலையில் அவர் முன்னே எத்தனை வழிகள் இருந்தன? விடையை ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள்" என்று பணித்தார்.

புதுச்சேரியில் வாழும் நமக்கு ரங்கப்பிள்ளை வீதி தெரியும். பெரிய மார்க்கெட்டுக்குப் போகும்போது அவ்வீதியைக் கடக்கிறோம். அவருடைய பழைய மாளிகையும் அங்கே நிற்கிறது. ஆனால் அம்மனிதரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1709-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர் ஆனந்தரங்கர். தந்தையார் திருவேங்கடம் பிள்ளையோடு புதுச்சேரிக்கு வந்தவர். துணி வணிகமும் பாக்கு வணிகமும் நடத்தியவர். சொந்தமாகக் கப்பல் ஓட்டியவர். துய்ப்ளேக்சு ஆளுநராக இருந்த காலத்தில், 1747-இல் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியானார். துபாஷி என்றால் இரண்டு மொழி அறிந்தவர் என்பது சொற்பொருள். ஆளுநர் பேசுவதை நம்மவர்க்கும், நம்மவர் பேசுவதை ஆளுநர்க்கும் எடுத்துரைப்பது வெளிப்படையான வேலை. இரு தரப்பும் சொல்லாமல் விட்டதைக் கேட்டு வைத்துக்கொள்வதே உண்மையான வேலை.

1736 செப்டம்பர் 6-ஆம் நாள், தமக்கு 27 வயதான போது, இவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். கண்டது, கேட்டது, கப்பல்கள் வந்தது, போனது, ஊரில் நிகழ்ந்த புதுமை என்று ஏறத்தாழ 25 ஆண்டுகள் எழுதினார். அக்காலத்துப் பேச்சுத் தமிழில், பிரெஞ்சுச் சொல்லும் பாரசீகச் சொல்லும் போர்த்துக்கீசியச் சொல்லும் விரவிக் கிடக்கும் நடை. அவர் மறைந்து பல்லாண்டுகள் வீட்டிலேயே கிடந்த இச்சுவடிகளை 1846-இல் கலுவா மொம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். பின்னர் சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை இவற்றை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழிலும் தொகுதிகள் வந்துள்ளன.

வரலாற்று நூல் எழுதுகிறவர் முடிவை அறிந்துகொண்டு எழுதுகிறார். வென்றவன் செய்ததெல்லாம் அறிவாகவும், தோற்றவன் செய்ததெல்லாம் மடமையாகவும் அவருடைய நூலில் தோன்றிவிடும். நாட்குறிப்பு எழுதுகிறவருக்கோ நாளை என்னவென்று தெரியாது. நமக்கும் தெரியாது. ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்திட்ட அன்று எனக்குத் தெரிந்திருந்ததா? ஆகையால், தெரியாதவன் எழுதியதைத் தெரியாதவனாகவே இருந்து படிக்க வேண்டும். நாளுக்கு ஒரு பக்கம் என்ற கட்டுப்பாடு அதற்காகத்தான்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். 1746-இல் லபூர்தொனே என்ற கடற்படைத் தலைவர் கப்பல்களோடு புதுச்சேரிக்கு வந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 21-இல் ஆங்கிலேயரின் சென்னை அவரிடம் வீழ்ந்தது. பள்ளிப் பாடத்தில் இது ஒரே வரி. நாட்குறிப்பிலோ இது வாரக்கணக்கில் நீளும் நாடகம். ஆளுநர் எப்போது மகிழ்ந்தார், எப்போது முகம் சுளித்தார், கடிதம் வந்தபோது யாரை அருகில் வைத்துக்கொண்டார், யாரை வெளியே அனுப்பினார் என்பதையெல்லாம் துபாஷியாகப் போகிறவரின் கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இருவரும் ஆற்றல் மிக்கவர்கள். சண்டை எதில் வந்தது? வென்ற ஊரை என்ன செய்வது என்பதில் வந்தது. 11 இலட்சம் வராகன் பெற்றுக்கொண்டு ஊரை ஆங்கிலேயரிடமே திருப்பித் தருவதாக லபூர்தொனே வாக்களித்துவிட்டார். துய்ப்ளேக்சோ சென்னையை ஆர்க்காட்டு நவாபுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். யார் பெரியவர், யார் சொல் செல்லும் என்பதை இருவரும் முன்னதாகவே பேசி முடிக்கவில்லை. வாதம் நீண்டுகொண்டிருக்கையில் அக்டோபரில் புயல் அடித்தது. சென்னைத் துறையில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்கள் பல உடைந்தன. லபூர்தொனே இந்தியாவை விட்டு அகன்றார். பிரான்சு திரும்பியதும் பஸ்தீய் சிறையில் அடைக்கப்பட்டு, ஆண்டுகள் கழிந்தபின்னரே குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். துய்ப்ளேக்சும் 1754-இல் திருப்பி அழைக்கப்பட்டு, 1763-இல் வறுமையில் இறந்தார்.

இதைப் படித்த நாட்களில் என் நோட்டில் எழுதிய வரி இது: 'வெல்வதற்கு முன்பே, வென்றபின் பங்கு யாருக்கு என்று பேசி முடித்துக்கொள்.' இது போர்க்களத்திற்கு மட்டும் உரிய பாடமா? கூட்டாகக் கடை வைக்கும் இரு நண்பர்களுக்கும், சேர்ந்து மனை வாங்கும் இரு மைத்துனர்களுக்கும், திருவிழாக் குழுவில் பொறுப்பேற்கும் நம் பங்குப் பெரியோர்க்கும் உரிய பாடமன்றோ? பகை வெளியே இருக்கும்வரை கூட்டு நிலைக்கிறது. பணம் மேசைமேல் வந்தவுடன் யார் சொல் செல்லும் என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்விக்குப் புயல் வருமுன் விடை கண்டிருக்க வேண்டும்.

அடுத்து, நமக்கு மிக நெருக்கமான ஒரு நாளின் குறிப்பைச் சொல்கிறேன். நம் கோரிமேடு இன்று உழவர்கரை நகராட்சியில் அடங்கியது. அந்த உழவர்கரையில் 1745-இல் நம்மவரான கனகராய முதலியார் ஒரு கோயில் கட்டினார். ஆனந்தரங்கருக்கு முன்பு தலைமைத் துபாஷியாக இருந்த கத்தோலிக்கர் இவர். கோயில் எழுந்த மகிழ்ச்சியில் பெரும் விருந்து வைத்தார். எல்லாச் சாதியாரையும் அழைத்தார். அவரவர் ஆசாரப்படி தனித்தனியே சமையல் நடந்தது. வெள்ளைக்காரர்க்குப் புதுச்சேரியிலேயே சமைத்து உழவர்கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஆளுநரும் அவர் மனைவியாரும் ஆலோசனைச் சபையாரும் வந்து உண்டார்கள்.

ஆனந்தரங்கர் இதையெல்லாம் வரிசையாக எழுதுகிறார். ஏற்பாட்டிலும் உணவிலும் குறை ஒன்றுமில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். உடனே, ஆயினும் விருந்துக்குச் சோபை இல்லை என்கிறார். மதம் மாறியவர் பழைய மதத்தாரின் வழக்கத்தைப் பின்பற்றி அம்மதத்தாரையே கூட்டி விருந்திட்டது பொருந்தவில்லை, ஊரார் பழித்தனர் என்று நீளமாக விளக்குகிறார்.

நான் இப்பக்கத்தைப் படித்தபோது முதலில் சினந்தேன். பின்னர் மூன்று கேள்விகளையும் முதலியாரைக் குறித்துக் கேட்டு விடை எழுதி, ஆசிரியரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "எல்லாம் சரி. இனி நான்காவது கேள்வி கேளுங்கள். இதை எழுதினவர் எதைப் பார்க்கவில்லை?" என்றார்.

அக்கேள்வி எனக்குப் புதிய கதவு ஒன்றைத் திறந்தது. முதலியார் வகித்த பதவியை ஆனந்தரங்கர் விரும்பினார். விருந்தில் குறை தேடிய கண் பதவி விரும்பிய கண். அது மட்டுமா? முதலியாரின் ஒரே மகன் வேலவேந்திரன் 1739-இல் இளவயதிலேயே இறந்துபோனான். அம்மகனின் நினைவாகவே அவர் அக்கோயிலை எழுப்பினார். வாரிசற்ற ஒரு தந்தை ஊர் முழுவதையும் அழைத்துச் சோறு போடுகிறார். மகனின் திருமணத்தில் போட்டிருக்க வேண்டிய விருந்து அது என்று எண்ணினால் அக்காட்சியே மாறிவிடுகிறது. ஊரிலேயே கூர்மையான கண் படைத்தவர் அன்று அங்கே இருந்தார். இலையையும் பந்தியையும் பார்த்தார். அந்தத் தந்தையைப் பார்த்ததாக அன்றைய குறிப்பில் இல்லை.

மறு ஆண்டு, 1746 பிப்ரவரியில் முதலியார் இறந்தார். அவர் சொத்தைக் குறித்து மனைவிக்கும் தம்பிக்கும் வழக்கு எழுந்தது. அப்பதவிக்குப் பலர் போட்டியிட்டனர். கிறித்தவர் ஒருவருக்கே அது தரப்பட வேண்டும் என்று குருக்கள் முயன்றனர். துய்ப்ளேக்சு சீமாட்டியைப் பற்றி ஆனந்தரங்கர் நல்ல சொல் எழுதுவது அரிது. இப்பக்கங்களைப் படிக்கையில் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். எழுதுகிறவரும் ஒரு மனிதர். அவருக்கும் விருப்பும் வெறுப்பும் உண்டு. சாட்சி சொல்கிறவரை அறியாமல் சாட்சியை எடைபோட இயலாது. செய்தித்தாள் படிக்கும்போதும், உறவினர் ஒருவர் மற்றொருவரைப் பற்றிக் கூறக் கேட்கும்போதும், நம் கைபேசிக்கு வந்து சேரும் செய்திகளை நம்பும்போதும் இப்பயிற்சி கைகொடுக்கும்.

இன்னொரு நாளின் குறிப்பும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தயங்கினேன். நமக்கு வலிக்கும் பக்கம் என்பதாலேயே சொல்லத் துணிகிறேன். இன்று நாம் சம்பா கோவில் என்றழைக்கும் பேராலயம் நிற்குமிடத்தில் அந்நாளில் இயேசு சபையாரின் ஆலயம் இருந்தது. அதனருகே வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. அதை அகற்ற வேண்டுமென்று குருக்கள் நெடுங்காலமாகக் கேட்டு வந்தனர். 1748-இல் பொஸ்கவன் தலைமையில் ஆங்கிலப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளை. செப்டம்பர் மாதத்தில், ஊர் அஞ்சிக் கிடந்த அந்நாட்களில் அக்கோயில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கர் அதை மிகுந்த வேதனையோடு எழுதி வைத்திருக்கிறார்.

இதைப் படிக்கும் கத்தோலிக்கக் குடும்பம் என்ன செய்ய வேண்டும்? பக்கத்தைப் புரட்டிவிடலாம். அக்காலம் அப்படி என்று சொல்லிவிடலாம். ஆசிரியர் என்னை அவ்வாறு செய்ய விடவில்லை. "மூன்று கேள்விகளையும் கேளுங்கள். அக்கோயிலில் கும்பிட்டு வந்தவர் எதை இழந்தார்? இடித்தவர் எதை விரும்பினார்? வேறு வழி இருந்ததா?" என்றார். நெடுங்காலம் செய்யத் துணியாத ஒன்றை, பீரங்கி ஒலியில் எல்லோரும் கலங்கியிருந்த நேரம் பார்த்துச் செய்துவிட்டார்கள் என்று நான் எழுதினேன். யுக்தியின் இருண்ட முகம் அது. பிறர் நிலைகுலைந்திருக்கும் வேளையைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்வது வெற்றி போலத் தோன்றும். பதின்மூன்று ஆண்டுகளுக்குள், 1761-இல் ஆங்கிலேயர் இந்நகரைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கியபோது நம் ஆலயங்களும் இடிபாடுகளாயின. அந்நாளில் நம் முன்னோர் அடைந்த துயரத்தை, 1748-இன் பக்கத்தைப் படித்தவர் முன்னைவிட நன்றாக உணர்வர்.

ஆனந்தரங்கரின் முடிவையும் சொல்ல வேண்டும். எல்லோர் முகத்தையும் படித்த இவர், தமக்குத் துணையாய் நின்ற துய்ப்ளேக்சு போனபின் செல்வாக்கு இழந்தார். 1756-இல் பதவி பறிபோனது. நோயுற்றார். நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த 1761 ஜனவரியிலேயே அவரும் உயிர் நீத்தார். ஒரே மனிதரின் ஆதரவில் தம் நிலை முழுவதையும் ஊன்றியிருந்தது அவருடைய பிழை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர் எழுதிய நாட்களில் அவருக்கு அது தோன்றவில்லை. நமக்கும் நம் பிழை நம் நாட்களில் தோன்றுவதில்லை.

இனி, இப்படிப்பினால் எனக்கு நேர்ந்த பயனைக் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கும் என் தம்பிக்கும் ஊர் வீட்டைப் பங்கிடும் பேச்சு வந்தது. வீட்டின் தெருப்பக்கத்து அறை தனக்கே வேண்டுமென்று தம்பி பிடிவாதம் செய்தான். அதில் கடை வைத்து வாடகை பார்க்க நினைக்கிறான் என்று நான் முடிவு கட்டினேன். அன்றிரவு என் நோட்டில், 'இவனுக்குப் பேராசை வந்துவிட்டது' என்று எழுதினேன். பேச்சு முறிந்தது. இரண்டு மாதங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. எங்கள் தாயாரின் நினைவு நாள் பூசைக்குக்கூட இரு குடும்பமும் ஆளுக்கொரு பெஞ்சில் அமர்ந்தோம்.

ஒருநாள் பழைய பக்கங்களைப் புரட்டும்போது அந்த வரி என் கண்ணில் பட்டது. உழவர்கரை விருந்தைப் பற்றி ஆனந்தரங்கர் எழுதியது உடனே நினைவுக்கு வந்தது. நானும் பந்தியைப் பார்த்தேனேயன்றித் தந்தையைப் பார்க்கவில்லையோ? இவன் எதை இழக்க அஞ்சுகிறான் என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லையே! மறுநாள் பேருந்தேறி ஊருக்குச் சென்றேன். பங்கைப் பற்றிப் பேசாமல், "பெண் எப்படி இருக்கிறாள்?" என்று மட்டும் கேட்டேன். தம்பி சற்று நேரம் பேசாமலிருந்தான். பிறகு, "அண்ணே, அவளைப் பெண் பார்க்க வருகிறவர்களை உட்கார வைக்க ஓர் இடம் வேண்டாமா? பின்கட்டில் அடுப்படி வழியாக அழைத்துப் போவதைப் பார்த்துவிட்டு இரண்டு இடம் தட்டிப் போய்விட்டது" என்றான்.

தெருப்பக்கத்து அறையை அவனுக்கே விட்டுக்கொடுத்தேன். இதில் எனக்குப் பண நட்டம் உண்டு. இல்லையென்று பெருமை பேச மாட்டேன். ஆனால் ஒன்று சொல்வேன். வழக்காடியிருந்தால் நான் அறையை வென்றிருக்கலாம், தம்பியை இழந்திருப்பேன். எதை வெல்ல வேண்டும், எதை இழக்கலாகாது என்று தெரிந்துகொள்வதும் யுக்திதானே? நோட்டில் அந்தப் பழைய வரியை நான் அடிக்கவில்லை. அதன்கீழே, 'எழுதினவன் எதைப் பார்க்கவில்லை?' என்று சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன்.

நாட்குறிப்புத் தொகுதிகள் எல்லா வீட்டிலும் இரா. நூலகங்களில் கேட்டுப் பார்க்கலாம். நடை கடினமென்று தோன்றினால், எல்லா வீட்டிலும் கிடைக்கக்கூடிய திருக்குறள் இருக்கவே இருக்கிறது. அதன் பொருட்பாலில் 70 அதிகாரங்கள், 700 குறட்பாக்கள். நாளுக்கு ஒன்றென்றால் இரண்டாண்டுக்குள் முடிந்துவிடும். வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல் என்று அடுத்தடுத்து நான்கு அதிகாரங்கள் வருகின்றன. முதலில் உன் வலிமையையும் எதிரில் இருப்பவர் வலிமையையும் அறி. பின் காலம் பார். பின் இடம் பார். அதன்பின் ஆளைத் தேர்ந்து நம்பு என்ற வரிசையே ஒரு பாடம். நான் ஜாமீன் கையெழுத்திட்டபோது இவ்வரிசையைத் தலைகீழாக்கினேன். ஆளை முதலில் நம்பிவிட்டு மற்றதைக் கடைசியில் யோசித்தேன்.

குறிப்பறிதல் என்ற தலைப்பு திருக்குறளில் இரண்டிடத்தில் வருவதையும் கவனியுங்கள். பொருட்பாலில் அரசர் முதலியோரின் முகக்குறிப்பை அறிவது. காமத்துப்பாலில் காதலர் ஒருவரையொருவர் பார்வையால் அறிவது. அவையில் வேண்டிய திறனும் வீட்டில் வேண்டிய திறனும் ஒரே பெயர் பெற்றிருக்கின்றன. நம் வீரமாமுனிவர் இந்நூலின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 1730-இல் இலத்தீனில் மொழிபெயர்த்தார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

குடும்பத்தில் இதை நடத்துவது எப்படி என்று சிலர் கேட்கலாம். எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். இரவு செபமாலை முடிந்ததும் பத்து நிமிடம். ஒருவர் வாசிப்பார், நாளுக்கொருவராக. வாசித்தபின் ஒரு நிமிடம் எவரும் பேசுவதில்லை. பின்பு வீட்டில் இளையவர் முதலில் தம் கருத்தைச் சொல்வார். பெரியவர் முதலில் பேசிவிட்டால் பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்வார்களென்பதால் இந்த ஒழுங்கு. கருத்து தவறென்று எவரையும் அன்றே திருத்துவதில்லை. மறுநாளின் பக்கம் தானே திருத்தும். அடுத்த பக்கத்தை முன்கூட்டிப் படித்துவிடுவது மட்டும் குற்றம். அதற்குத் தண்டனை மறுநாள் பாத்திரம் கழுவுவது. விருந்தினர் வந்தாலும், மழை பெய்து மின்சாரம் போனாலும் விடுவதில்லை. நாள் தவறினால் மறுநாள் இரண்டாகப் படிப்பதும் இல்லை. உணவைப் போலத்தான் இதுவும். நேற்றுத் தவறிய வேளைக்கு இன்று இரட்டிப்பாக உண்ண முடியாது.

பிள்ளைகளைத் தந்திரசாலிகளாக்கிவிட மாட்டோமா என்று என் மனைவி தொடக்கத்தில் அஞ்சினாள். நியாயமான அச்சமே. பிறர் உள்ளத்தை அறிகிறவன் அவ்வறிவைக் கொண்டு பிறரை ஏய்க்கவும் கூடும். என் வீட்டிற்கு நான்கு மாலைகள் வந்தவரும் மனிதரை அறிந்தவர்தாம். என்னை நன்றாகவே படித்திருந்தார். எனவே எங்கள் வீட்டில் நான்கு கேள்விகளுக்குப் பின் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம். அதைச் சொன்னவள் படிப்பை இழந்த அந்த மகளே. "இதை அறிந்ததனால் நாளை நான் யாருக்கு உதவலாம்?" என்பதே அது.

அவள் இன்று தன் பிள்ளைகளோடு வேறோர் ஊரில் வாழ்கிறாள். அங்கும் இரவில் ஒரு பக்கம் வாசிக்கிறார்களாம். சென்ற மாதம் வந்திருந்தபோது என் நோட்டுகளைக் கேட்டாள். அதில் ஜாமீன் கதையும் இருக்கிறதே என்று தயங்கினேன். "அப்பா, அந்தப் பக்கம்தான் எனக்கு முதலில் வேண்டும். பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் வாசிக்கப் போகிறேன்" என்றாள். கொடுத்தனுப்பினேன்.

உங்கள் வீட்டிலும் இன்றிரவே ஒரு பக்கம் வாசித்துத் தொடங்குங்கள். அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.